வெறும் தட்டை நிறுப்பவர்

திருடிக்கொண்டு போகவில்லை. அந்தப் பாத்திரத்தை அடுக்கிலிருந்து இறக்கி, முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தவளே நான்தான். என் வீட்டுப் பாத்திரத்தை என் மாப்பிள்ளை பட்டப்பகலில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனால் எதிர்வீட்டுத் தையல்காரிக்கு எங்கே வலிக்கிறது?

"மாமியா கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போனாராம். போன மனுஷன் சும்மா வந்தாரா? கிடைச்ச வேலையும் போச்சு, பாத்திரமும் நெளிஞ்சுது" என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தெருவுக்கு அறிக்கை வாசிக்கிறாள்.

நெளிந்தது உண்மை. கம்பெனி வாசலில் காவலாளி தடுத்தபோது கை நழுவிக் கீழே விழுந்ததாம். சொட்டையை நான் தட்டி நிமிர்த்தவில்லை. வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று அந்தப் பக்கத்தை முன்னால் வைத்துத்தான் அடுக்கியிருக்கிறேன். வேலை வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அன்றைக்கு லாரியில் ஏற்றியிருந்த பெட்டிகள் அத்தனையும் கீழே இறங்கின. அந்தப் பாதியை அவள் சொல்ல மாட்டாள். அவள் விட்ட பாதியை நான் சொல்கிறேன்.

தெருவில் அவருக்குப் 'பூட்டு மாப்பிள்ளை' என்று பேர். வாசல் கதவு எந்நேரமும் சாத்தியே கிடப்பதால் வைத்த பேர். என் மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்புவாள், பேத்தி பள்ளிக்கூடம் கிளம்புவாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். யாராவது கூப்பிட்டு நான் ஒரு கதவைத் திறந்து நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்: "அத்தை, கதவு." கோபமாக அல்ல, கெஞ்சுகிற குரலில்.

"பொண்டாட்டி சம்பாத்தியத்துல கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குறார்" என்றார்கள். தூங்குகிறவன் மின்விசிறியைப் போட்டுக்கொண்டல்லவா தூங்குவான்? இவர் அதையும் நிறுத்திவிட்டு, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் காற்றுக்குப் பயந்து. அவர் மேஜையில் தராசுகள் இருக்கின்றன. பெரியது, சின்னது, பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்தது, கண்ணாடி உடைந்தது. அதில் ஒரு பொடித் தராசு, ஒரு தலைமுடியை வைத்தால்கூட எண் மாறும். கதவு திறந்து காற்று வந்தால் அதன் எண்கள் குதிக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் கதவு. இதைத் தெருவில் போய் விளக்குங்கள் என்றால், "அவங்க கேட்டாங்களா அத்தை?" என்பார். கேட்கவில்லைதான். முடிவு கட்டினவர்கள் எங்கே கேட்பார்கள்?

கண்ணில் பட்டதையெல்லாம் நிறுப்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் ஒரு தடவை, துடைத்தபின் ஒரு தடவை. பேத்தியின் வலது செருப்பு, இடது செருப்பு. "இடது காலை அதிகமா தேய்ச்சு நடக்குறா அத்தை" என்று அப்படித்தான் கண்டுபிடித்தார். டீயைக் குடித்தோமா இல்லையா என்று அவருக்கு மறந்துபோகும். டம்ளருக்குள் எட்டிப் பார்க்க மாட்டார். எடுத்துத் தராசில் வைப்பார். எண்ணைப் பார்த்துவிட்டு, "பாதி குடிச்சிருக்கேன்" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எடைக்கல் உண்டு. இரண்டு கிலோ இரும்பு. அதைப் பழந்துணியில் சுற்றித்தான் வைப்பார், துணியோடுதான் எடுப்பார். வெறும் கை படக்கூடாது. மேஜையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று நான் ஒருநாள் அதைக் கையால் நகர்த்திவிட்டேன். மனிதர் பதறிப்போனார். ஆனால் திட்டவில்லை. உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "விரல் ஈரம் ஒட்டிக்கும் அத்தை. கல்லு பொய் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் எதை வச்சு எதைச் சரிபார்க்குறது?" என்றார். நான் சந்தையில் காய் நிறுத்து விற்றவள். தட்டில் விரல் படாமல் நிறுத்தவள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று.

சரி, என்னதான் வேலை என்கிறீர்களா? தராசு காட்டுகிற எடையை வாங்கிக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். கடையோ தபாலாபீஸோ ஆஸ்பத்திரியோ, ஆளாளுக்கு அதைப் புதிதாக எழுதிச் சாக வேண்டாம் என்று, இவர் ஒரே தடவை நன்றாக எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார். அதற்கு லைப்ரரி என்று பேர். யாரும் எடுத்துக்கொள்ளலாம், கூலி கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு வெளியாட்களுடைய சில்லறை வேலைகளைச் செய்து கொடுப்பார். ஆனால் உயிர் அந்த லைப்ரரியில்தான்.

ஊர் ஊருக்கு கம்ப்யூட்டர் வேறு வேறாம். ஒவ்வொன்றிலும் இவர் எழுதினதைத் துண்டு துண்டாகச் சேர்த்து அந்த இடத்திலேயே கட்டி எழுப்ப வேண்டுமாம். அதற்கு பில்ட் என்று பேர். ஒரு வரியைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். கறுப்புத் திரையில் எழுத்து ஓடும். எனக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும். கடைசியில் பச்சை வந்தால் கட்டியாயிற்று. சிவப்பு வந்தால் எங்கோ இடிந்துவிட்டது. முதல் தடவை "பில்ட் உடைஞ்சிடுச்சு அத்தை" என்று அவர் சொன்னபோது நான் சமையலறை முழுக்கத் தேடினேன், எந்தச் சாமான் உடைந்ததென்று.

சிவப்பு வந்தால் மற்றவர்கள் கீழே போய்க் கடைசி வரியைப் படிப்பார்களாம். இவர் மேலே மேலே போவார். "கடைசியில எல்லாரும் சேர்ந்து அழுவாங்க அத்தை. முதல்ல யாரு அழுதான்னு பாக்கணும்." மெஷினை அவர் ஆளாகத்தான் பேசுவார். அடம்பிடிக்கிறான், வாயைத் திறக்க மாட்டேங்கிறான், இன்னைக்குக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கான். "என்ன மாப்பிள்ளை, உங்காளு என்ன சொல்றான்?" என்று நான் கேட்பேன். "முறைச்சுக்கிட்டு இருக்கான் அத்தை" என்பார்.

அப்படி இருக்கையில்தான் அந்தத் தராசுக் கம்பெனி கூப்பிட்டது. புதுத் தராசு செய்கிறார்களாம். அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதை ஓட்ட லினக்ஸ் என்று ஒன்று, அந்த லினக்ஸுக்குள் இவருடைய லைப்ரரி. நம் வீட்டுப் பெட்டியில் பச்சை காட்டுகிற அதே பில்ட், அந்தக் குட்டிப் பெட்டியில் சிவப்பு. சரிசெய்து கொடுத்தால் நிரந்தர வேலை, கம்பெனி அட்டை, மாதச் சம்பளம். என் மகள் அன்றைக்கே போய் ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளையில் மெல்லிய நீலக்கோடு. தேய்த்து ஆணியில் மாட்டினாள். எனக்குத் தெரியும், எத்தனை நாளாக இந்தத் தெருவில் பதில் சொல்லிக்கொண்டே நடந்திருப்பாள் என்று.

முதலில் வந்த இடைஞ்சல்கள் சின்னவை. இந்தச் சாமான் இல்லை என்று நிற்கும், அதைக் கொடுத்தால் இது பழசு, புதுசு வேண்டும் என்று நிற்கும். ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார். கட்டடம் எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு சோதனை. இவரே எழுதி வைத்த சோதனைகள், வரிசையாக நடக்கும். எல்லாம் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு. அந்த ஒன்று தேறாவிட்டால் மொத்த பில்ட்டும் விழுந்த மாதிரிதான், அப்படித்தான் இவர் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்.

கம்பெனி மேலாளர் போனில் பேசியதை நானும் கேட்டேன். மாப்பிள்ளை எப்போதும் போனை மேஜைமேல் வைத்துச் சத்தமாகத்தான் பேசுவார்.

"ஒரே ஒரு டெஸ்ட்தானே சார். அதை மூடி வச்சிட்டு பில்ட் பண்ணுங்க, பச்சை வந்துடும். எங்களுக்கு லாரி நிக்குது."

"அது வெறும் தட்டை நிறுத்துப் பாக்குற டெஸ்ட் சார்."

"அதையேதான் நானும் சொல்றேன். ஒண்ணுமில்லாததை எவன் சார் நிறுத்துப் பாக்கப் போறான்?"

"கடையில எல்லாரும் சார். ஒவ்வொரு வியாபாரத்துக்கும்."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

எனக்குப் புரியும்படி அவர் காட்டியது இப்படி. என்னிடம் ஒரு பாத்திரம் கேட்டார். கையகலப் பாத்திரம், நான் பால் காய்ச்சுவது. அதைத் தராசில் வைத்துப் பொத்தானை அழுத்தினார், எண் பூஜ்யமாயிற்று. பாத்திரத்தின் எடையைக் கழித்தாயிற்று, இனி உள்ளே போடுகிற பொருள் மட்டும் தெரியும். இதை நானே சந்தையில் கல் வைத்துச் செய்திருக்கிறேன். "இப்ப பாத்திரத்தை எடுத்துட்டா என்ன காட்டணும் அத்தை?" "பாத்திரத்தோட எடை குறைஞ்சிருக்குன்னு காட்டணும்." "நம்ம வீட்ல அப்படித்தான் காட்டுது. அங்க கூடியிருக்குன்னு காட்டுது. வெறும் தட்டுல எடை நிக்குது."

வெறும் தட்டில் எடை நின்றால், அடுத்து வருகிறவன் காற்றுக்கும் சேர்த்து விலை கொடுப்பான். அது புரிய எனக்கு எழுத்தும் வேண்டாம் நிறமும் வேண்டாம்.

அன்றைக்கு வீட்டில் ஒரு சண்டை நடந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? மகள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, ஒரு வரியை மூடிட்டா வேலை. வேலைல சேர்ந்துட்டு மெதுவா திறந்து பாருங்களேன். உங்களை யாரு வேணாம்னா?"

"மூடினப்புறம் யாரும் திறக்க மாட்டாங்கம்மா. பச்சையாத் தெரியுறதை எவன் திறப்பான்?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க. தையக்கார அக்கா கேக்குறதுக்கு மட்டும் உங்ககிட்ட பதில் இல்ல."

நான் நடுவில் போகவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் மாமியார்க்காரி வாயை மூடிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பதுதான் அழகு. ஆனால் மனசு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் அந்தக் குட்டிப் பெட்டியை அனுப்பவில்லை. இவரோ, நம் பெட்டிக்குள்ளேயே அதைப் போல நடிக்கிற ஒரு பொய்ப் பெட்டியை உண்டாக்கினார். நடிப்பு என்றால் லேசா? நத்தை மாதிரி நகர்ந்தது. ஒரு பில்ட் முடிவதற்குள் நான் சமைத்து, துணி காயப்போட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவேன். அவர் கழுத்துத் துண்டை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியேதான். வெளியே "பூட்டு திறந்துதா?" என்று தையல்காரி கேட்பதும், கேட்டவர்கள் சிரிப்பதும் உள்ளே நன்றாகக் கேட்கும்.

ஒரு மதியம், "அத்தை! சிவப்பு வந்துடுச்சு!" என்று கத்தினார். நான் கையில் கரண்டியோடு ஓடி வந்தேன். சிவப்புக்கு இவ்வளவு சந்தோஷமா? சந்தோஷம்தானாம். அங்கே மட்டும் தெரிந்த நோய் இங்கேயும் தெரிந்துவிட்டது, இனி பிடித்துவிடலாம். மேலே மேலே போனார், முதலில் அழுதவனைத் தேடிக்கொண்டு. சாயங்காலம் மேஜையைவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான் அத்தை."

"என்ன நீங்கதான்?"

"தப்பு என்னோடது. எண்ணைப் போட்டு வைக்க ஒரு சின்ன டப்பா வச்சேன். நம்ம பெட்டியில அந்த டப்பா பூஜ்யத்துக்குக் கீழ போற கழித்தல் எண்ணையும் வாங்கிக்கும். அந்தப் பெட்டியில அதுக்குக் கழித்தலே தெரியாது, எல்லாத்தையும் கூட்டலா எடுத்துக்கும். எந்த மாதிரி டப்பான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன். ஒரு வார்த்தை."

தன் தப்பைக் கண்டுபிடித்து முகம் இப்படி மலர்ந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தார். நத்தை மறுபடி நகர்ந்தது. கடைசியில் பச்சை. எதையும் மூடாத பச்சை.

உடனே கம்பெனிக்குச் சொன்னார். மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? அவர்களே அந்தச் சோதனையை மூடிவிட்டு பில்ட் செய்து, தராசுகளைப் பெட்டியில் போட்டு ஒட்டியாயிற்றாம்.

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம் சார். நீங்க திங்கக்கிழமை வந்து சேருங்க. தப்பு உங்களோடதுன்னு வெளியில தெரிய வேணாம், நமக்குள்ள இருக்கட்டும்."

இவர் போனை வைத்துவிட்டுச் செய்த முதல் காரியம், தப்பு தன்னுடையது, இன்ன பெட்டியில் இன்ன மாதிரி பொய் சொல்லும், இன்ன வார்த்தையைச் சேருங்கள் என்று அந்த லைப்ரரியை எடுத்துக்கொள்கிற எல்லாரும் பார்க்கிற இடத்தில் தன் பேரைப் போட்டு எழுதியது. மகள் படித்துப் பார்த்தாள். "உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டீங்க" என்றாள். குரலில் பழைய கோபம் இல்லை. ஆணியில் கிடந்த சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு கம்பெனி போனை எடுக்கவில்லை. கடிதம் மேல் கடிதம் தட்டினார், பதில் இல்லை. கடைசியில் அங்கே சாமான் ஏற்றுகிற ஒரு பையன் மட்டும் எடுத்தான். "சார், லாரியில ஏத்திட்டு இருக்கோம் சார்" என்றான்.

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தார். கழுத்துத் துண்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கோடு போட்ட சட்டை ஆணியிலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. கழுத்து நைந்த பனியன் சட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அத்தை, அந்தப் பாத்திரம் வேணும்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லாததை நிறுத்துக் காட்டப் போறேன்."

"கம்ப்யூட்டர் வேணாமா?"

"எழுதினதை அவங்க படிக்கல அத்தை. இதைப் பாப்பாங்க. வைக்கணும், பூஜ்யம் பண்ணணும், எடுக்கணும். அவ்வளவுதான்."

"உள்ளயே விடலைன்னா?"

"லாரி வெளியதானே நிக்கும்."

நான் பாத்திரத்தைத் துடைத்துக் கொடுத்தேன். பின்வாசல் வழியாகத்தான் போவார் என்று நினைத்தேன். குப்பை கொட்டவும் அந்த வழியாகத்தான் போவார், யார் வாயிலும் விழ வேண்டாம் என்று. அன்றைக்கு நேரே முன்கதவுக்குப் போனார். தாழ்ப்பாளை இழுத்தார். வெயில் கூடத்துக்குள் விழுந்தது. எதிரே தையல் மெஷின் நின்றது. திகைத்துப் போனாள் அவள், ஊசியில் நூல் கோர்த்த கை அப்படியே இருந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "என்ன மாப்பிள்ளை, பூட்டு திறந்துடுச்சு போல! பாத்திரத்தோட எங்க, பிச்சைக்கா?" என்றாள். இரண்டு வீடு தள்ளி யாரோ சிரித்தார்கள்.

அவர் படி இறங்கிவிட்டார். காற்று உள்ளே புகுந்தது. மேஜையில் பொடித் தராசின் எண்கள் தாறுமாறாகக் குதிக்க ஆரம்பித்தன. பழக்கதோஷம், அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் போய்க் கதவைப் பிடித்தேன், சாத்துவதற்கு.

அவர் நின்றார். திரும்பி வந்தார். என்னைக் கடந்து உள்ளே போனார். மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன். மேஜையில் பழந்துணியைப் பிரித்தார். அந்த இரண்டு கிலோ எடைக்கல்லை, யாரையும் தொட விடாத அந்தக் கல்லை, வியர்த்த வெறும் கையால் தூக்கிக்கொண்டு வந்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி அடியில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்து போனார்.